கூரை யாருக்கு? பந்தலூரிலிருந்து புதுமண்டபம் வரை ஒரு நடை

சில வாரங்களுக்கு முன் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரைபடம் வந்து விழுந்தது. "வழிகாட்டி வேண்டாம், நீங்களே நடக்கலாம்" என்று தலைப்பு. பழைய நகரங்களின் கூரை போட்ட கடைவீதிகளை எந்த வாசலில் நுழைந்து எந்த வாசலில் வெளியே வருவது, எங்கே நின்று தூணைப் பார்ப்பது, எங்கே காபி குடிப்பது என்று அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தார்கள். பாரிஸின் பாசேஜ்கள், மிலானின் கண்ணாடிக் கூரை காலரியா, போலோன்யாவின் தூண் நடைபாதைகள் எல்லாம் அதில் இருந்தன. கடைசியில் நம் ஊருக்கும் ஓர் இடம் கொடுத்திருந்தார்கள்: மதுரைப் புதுமண்டபம்.

அழகாகத்தான் இருந்தது. நாங்கள் குறை சொல்ல உட்கார்ந்தது அழகைப் பற்றி அல்ல. அந்த வரைபடத்தில் ஒரு சொல் எங்களை நிறுத்திவிட்டது. "நீங்களே நடக்கலாம்."

யார் அந்த "நீங்கள்"?

பந்தலூரில் இருக்கும் எங்களுக்கு இந்தக் கேள்வி சும்மா வரவில்லை. நாங்கள் நடந்து வந்தவர்களின் பிள்ளைகள். எங்கள் பாட்டன் பூட்டன்கள் மதுரை, திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்துச் சேரிகளிலிருந்து கங்காணிக்குப் பின்னால் நடந்தவர்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே கண்டி மலைக்கு நடந்தவர்கள். வழியில் செத்துப்போனவர்களுக்குக் கல்லறை கிடையாது. போனவர்களுக்கு லயம். 1948இல் இலங்கை அரசு குடியுரிமையைப் பறித்தது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலையை எண்ணிப் பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் பாதிக்குப் பாதி பங்கிட்டார்கள். அப்படித் திரும்பி வந்தவர்களில் ஒரு பகுதியினர்தான் கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கம் டேன்டீ தோட்டங்களில் இறக்கப்பட்டோம்.

எங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் "மண்டபம்" என்று சொல்லிப் பாருங்கள். அவர்களுக்கு நினைவுக்கு வருவது திருமலை நாயக்கர் கட்டியது அல்ல. இராமேஸ்வரத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் மண்டபம் முகாம். கப்பலிலிருந்து இறக்கி, வரிசையில் நிற்க வைத்து, பெயர் பதிந்து, எந்த ஊருக்கு அனுப்புவது என்று அரசாங்கம் முடிவு செய்த இடம். வெள்ளைக்காரன் காலத்தில் இதே மண்டபத்தில்தான் இலங்கைக்குப் போகிற கூலிகளைத் தடுத்து வைத்து, நோய் பார்த்து அனுப்பினான். போகும்போதும் மண்டபம், வரும்போதும் மண்டபம். அந்த மண்டபத்துக்கு யாரும் மரபு நடை போவதில்லை.

சரி, இந்த வரைபடத்து மண்டபத்தையும் பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தோம். எட்டுப் பேர் கிளம்பினோம். ஓய்வு பெற்ற கொழுந்து பறிக்கும் தொழிலாளர்கள் இருவர், தையல்காரர் ஒருவர், கல்லூரிப் பிள்ளைகள் மூவர், மற்றவர்கள் எங்களைப் போன்ற இயக்கத்துக்காரர்கள்.

மேட்டுப்பாளையத்தில் ஒரு நிமிடம்

பந்தலூரிலிருந்து கூடலூர், ஊட்டி, குன்னூர் வழியாக மலை இறங்கினால் மேட்டுப்பாளையம். பஸ் அங்கே நிற்கும்போதெல்லாம் எங்களில் யாராவது ஒருவர் நடூரைச் சொல்லாமல் இருப்பதில்லை. 2019 டிசம்பர் 2, விடியற்காலை. ஒரு துணிக்கடை முதலாளியின் வீட்டைச் சுற்றி எழுப்பிய 20 அடி உயரக் கருங்கல் சுவர் மழையில் ஊறி, பக்கத்திலிருந்த அருந்ததியர் வீடுகள் மேல் சரிந்தது. 17 பேர் செத்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்கள். அந்தச் சுவரைப் பற்றி முன்பே மக்கள் முறையிட்டிருந்தார்கள்.

அந்த வீடுகளுக்கும் கூரை இருந்தது. கூரை யாரைக் காப்பாற்றும் என்பது பக்கத்தில் யார் சுவர் எழுப்புகிறார் என்பதைப் பொறுத்தது. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் நாங்கள் மதுரைக்குப் போனோம்.

புதுமண்டபத்தின் முன்னால்

மீனாட்சி அம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு நேர் எதிரே, கீழச் சித்திரை வீதியைத் தாண்டினால் புதுமண்டபம். 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டியது. அதனால் வசந்த மண்டபம் என்றும் பெயர். நடுவில் சாமி எழுந்தருளும் மேடை, சுற்றிலும் வெயில் சூட்டைத் தணிக்கத் தண்ணீர் நிற்கும் கால்வாய், நீளவாக்கில் வரிசை வரிசையாக 100-க்கும் மேற்பட்ட கல் தூண்கள். தூண்களில் கைலாய மலையைத் தூக்கும் இராவணன், கரும்பு தின்னும் கல் யானை, மீனாட்சி திருக்கல்யாணம், நாயக்க மன்னர்கள், அவர்களின் மனைவியர். வெள்ளைக்கார ஓவியர்கள் டேனியல்கள் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்து இதை வரைந்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள்.

பிற்காலத்தில் இது கடைவீதியானது. தூணுக்குத் தூண் ஒரு கடை. பாத்திரக்கடை, வளையல் கடை, பள்ளிப் புத்தகக்கடை, பூசை சாமான் கடை, தையல் மிஷின்கள் வரிசை. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேடம் கட்டுபவர்களுக்கான உடுப்பு, கொண்டை, தண்ணீர் பீய்ச்சும் தோல் பை எல்லாம் இங்கேதான் வாங்குவார்கள். எங்களோடு வந்த தையல்காரர் இளவயதில் மதுரையில் வேலை கற்றவர். "உள்ள வந்தா வெயிலே தெரியாது, கல்லு குளுகுளுன்னு இருக்கும், மிஷின் சத்தம் மட்டும் தேன்கூடு மாதிரி கேட்டுக்கிட்டே இருக்கும்" என்றார்.

இப்போது அந்தச் சத்தம் இல்லை. 2018 பிப்ரவரி 2 இரவு கோயிலுக்குள் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு கோயிலுக்குள்ளே இருந்த கடைகள் அகற்றப்பட்டன. புதுமண்டபத்துக் கடைக்காரர்களும் பக்கத்தில் புதிதாகக் கட்டிய குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டார்கள். கல்லைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. தீப்பிடித்தால் முதலில் கருகுவது உள்ளே உட்கார்ந்து தைக்கிறவன்தான். ஆனால் மரபு நடைக்காரர்கள் இதை எழுதுகிற விதத்தைப் பாருங்கள். "ஆக்கிரமிப்புகள் நீங்கி மண்டபம் தன் பழைய அழகுக்குத் திரும்புகிறது." நாயக்கர் சிலை மரபு. அதன் காலடியில் தலைமுறை தலைமுறையாகத் தைத்துப் பிழைத்தவன் ஆக்கிரமிப்பு.

இது முதல் பொய். இரண்டாவது பொய் இதைவிடப் பெரியது. அது சொல்லாமல் விடுகிற பொய்.

1924: நடக்கலாம் என்று சொன்ன ஆணை

"நீங்களே நடக்கலாம்" என்ற வாக்கியத்தை இந்த மண்ணில் எங்களுக்குச் சொல்வதற்கு ஒரு சட்டமன்றத் தீர்மானம் தேவைப்பட்டது. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

1924 ஆகஸ்டில் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்த ஊரிலும் எந்தப் பொதுச் சாலையிலும் தெருவிலும் எந்தச் சாதியைச் சேர்ந்தவரும் நடந்து செல்வதற்குத் தடை இல்லை. பொது அலுவலகம், கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடம், பொதுக் காரியம் நடக்கும் கட்டடம் எதிலும் சாதி இந்துக்களைப் போலவே ஒடுக்கப்பட்டவர்களும் நுழையலாம். அந்தத் தீர்மானம் நிறைவேறி, அடுத்த மாதமே அரசாணையாக வெளிவந்தது.

யோசித்துப் பாருங்கள், தோழர்களே. நிலம் கொடு என்று கேட்ட தீர்மானம் அல்ல அது. வேலை கொடு என்று கேட்டதும் அல்ல. தெருவில் கால் வைக்க அனுமதி. 300 ஆண்டுகளாக நிற்கிற மண்டபத்தின் கதையை எழுதுகிறவர்களுக்கு, 100 ஆண்டுகளுக்கு முன்புதான் தெருவில் நடக்கும் உரிமை எழுத்தில் வந்தது என்பது ஒரு வரிக்கும் தகுதியில்லாத செய்தியா?

அந்த ஆணையை நம்பி நடந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதும் வரலாறுதான். அன்று சென்னை மாகாணத்தில் இருந்த பாலக்காட்டில் கல்பாத்தி அக்கிரகாரத் தெருவுக்குள் நுழைந்த ஈழவர்கள் அடித்து விரட்டப்பட்டார்கள். அதே 1924இல் தான் திருவிதாங்கூரின் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்கான போராட்டம் தொடங்கியது. கோயிலுக்குள் போக அல்ல, கோயிலைச் சுற்றி நடக்க. ஆணை மட்டும் போதாது, தடுப்பவனுக்குத் தண்டனை வேண்டும் என்று கோயம்புத்தூர் வீரையன் சட்டமன்றத்தில் மல்லுக்கு நின்றார்.

இந்த இரட்டைமலை சீனிவாசன் எங்கள் மலைக்கு அந்நியர் அல்ல. சென்னைக்குப் போய் 1893இல் 'பறையன்' இதழ் தொடங்குவதற்கு முன், நீலகிரியில் ஐரோப்பியர் வணிக நிறுவனத்தில் கணக்கு எழுதியவர். கடைக் கணக்கு எழுதிய கைதான் பிறகு தெருவில் நடக்கும் உரிமையை எழுதியது. அவருக்கும் முன்பே இந்த மலையிலிருந்து பேசியவர் அயோத்திதாசப் பண்டிதர். 1891 டிசம்பர் 1 அன்று ஊட்டியில் திராவிட மகாஜன சபை கூடிப் பத்துத் தீர்மானங்கள் போட்டது. பொதுக் கிணறு, குளங்களில் தண்ணீர் எடுக்க உரிமை, நீதிமன்றத்திலும் அலுவலகத்திலும் நுழைந்து உட்கார உரிமை எல்லாம் அதில் இருந்தன. 1891இல் கேட்டது, 1924இல் ஆணையானது, 1950இல் அரசியலமைப்பானது.

அரசியலமைப்பின் 15ஆவது பிரிவைத் திறந்து பாருங்கள். அதன் இரண்டாம் உட்பிரிவில் முதலில் வருகிற இடம் கோயில் அல்ல, பள்ளிக்கூடமும் அல்ல. கடை. கடைகள், உணவகங்கள், விடுதிகள், பொழுதுபோக்கு இடங்கள், பிறகு கிணறு, குளம், படித்துறை, சாலை. 1948இல் அரசியலமைப்பு அவையில் கேள்வி வந்தது: கடை என்றால் என்ன, சலவைக்கடையும் முடிவெட்டும் கடையும் அதில் அடங்குமா? அம்பேத்கர் தெளிவாகச் சொன்னார்: விலைக்கு ஒரு சேவையைப் பொதுமக்களுக்குத் தருகிற எந்த இடமும் கடைதான். அந்த மனிதனுக்குத் தெரியும், சாதி கோயில் கருவறையில் மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை, கடை வாசலிலும் உட்கார்ந்திருக்கிறது என்று. முடிவெட்ட மறுக்கிற கத்தியிலும், தனியாக வைக்கிற டீக் கிளாஸிலும் அது இருக்கிறது. அதனால்தான் கடையை முதலில் எழுதினார்கள்.

கூரை போட்ட கடைவீதிக்குள் எங்களை அழைத்துப்போகிற எந்த வரைபடமும் இந்தப் பிரிவை ஒரு நிறுத்தமாகக் காட்டுவதில்லை.

1939: வீதியைத் தாண்டிய ஐந்து பேர்

புதுமண்டபத்துக்கும் கோயிலுக்கும் நடுவே ஒரு வீதிதான். இன்று கடக்க ஒரு நிமிடம் ஆகாது. எங்கள் மக்கள் அந்தக் கோயில் வாசலைத் தாண்ட 1939 ஜூலை 8 வரை ஆனது.

அன்று காலை அ.வைத்தியநாத ஐயர் ஒரு குழுவோடு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். மதுரையில் யாரைக் கேட்டாலும் இவ்வளவும் சொல்லிவிடுவார்கள். "ஐயர் அரிஜனங்களை அழைத்துப் போனார்." அவருடைய துணிச்சலை நாங்கள் மறுக்கவில்லை. சொந்தச் சாதிக்காரர்களின் வசவையும் எதிர்ப்பையும் தாங்கியவர். ஆனால் ஒரு வாக்கியத்தின் எழுவாயை யார் எடுத்துக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். அழைத்துப் போனவருக்குப் பெயர் உண்டு. நடந்து போனவர்கள் பன்மை.

அவர்களுக்கும் பெயர் உண்டு. கக்கன். முத்து. முருகானந்தம். சின்னையா. பூவலிங்கம். அவர்களோடு சண்முக நாடார். கோயிலுக்குள் நுழைந்தால் என்ன நடக்கும் என்று தெரியாமல் கால் எடுத்து வைத்தவர்கள் இவர்கள்தான். அடி விழுந்தால் முதலில் விழுந்திருக்க வேண்டிய முதுகு இவர்களுடையது. அன்று எதுவும் நடக்காமல் போகலாம். மறுநாள் சேரிக்குத் திரும்பி, அதே ஆண்டைகளின் நிலத்தில் நிற்க வேண்டியவர்களும் இந்த மாதிரி ஆட்கள்தான். நுழைவுக்குப் பிறகு சில பட்டர்கள் பூசைக்கே வர மறுத்தார்கள். சாமி தீட்டாகிவிட்டதாம். நுழைந்தவர்களைப் பாதுகாக்க அரசாங்கம் அவசரச் சட்டமும், பிறகு சட்டமும் போட வேண்டியிருந்தது.

அந்த ஐவரில் கக்கன் பின்னால் இந்த மாநிலத்தின் உள்துறை அமைச்சரானார். அவர் நேர்மையானவர், எளிமையானவர், அரசு ஆஸ்பத்திரியில் தரையில் படுத்தார் என்று மேடைக்கு மேடை சொல்வார்கள். எளிமையைப் புகழ்வதில் செலவு இல்லை. அவர் 1939இல் எந்த வாசலுக்குள் நடந்தார் என்று ஒரு பலகை வைக்கத்தான் யாருக்கும் மனம் வருவதில்லை.

கல் கடல் தாண்டிய கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். மதுரை மதனகோபால சுவாமி கோயிலைச் சேர்ந்த மண்டபத் தூண்களை 1912இல் ஓர் அமெரிக்கப் பெண்மணி விலைக்கு வாங்கினார். 1919இல் அவை பிலடெல்பியா அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாக வழங்கப்பட்டன. இன்றும் அங்கே மண்டபமாக நிற்கின்றன. அந்தத் தூண்களுக்கு நடுவே நடக்க அங்கே யாரும் "நீ எந்தத் தெரு?" என்று கேட்கவில்லை. மதுரைத் தூண் அமெரிக்காவுக்குப் போய்ச் சாதியை இழந்தது. மதுரையிலேயே இருந்த தூண்கள் அதற்குப் பிறகும் 20 ஆண்டுகள் சாதியோடு நின்றன.

"எதற்கெடுத்தாலும் சாதியா?"

இந்தக் கேள்வி வரும் என்று எங்களுக்குத் தெரியும். வந்தேவிட்டது. மதுரையில் எங்களோடு பேசிய ஒரு படித்த நண்பர் கேட்டார்: "கலையைக் கலையாகப் பார்க்கக் கூடாதா? எல்லாவற்றிலும் ஏன் இதை இழுக்கிறீர்கள்?"

நாங்கள் இழுக்கவில்லை, ஐயா. ஏற்கெனவே உள்ளே இருப்பதைக் காட்டுகிறோம். கல்லை மலையிலிருந்து வெட்டியவன் யார், இழுத்தவன் யார், தூக்கி நிறுத்தியபோது நசுங்கியவன் யார்? அழகர் திருவிழாவில் தண்ணீர் பீய்ச்சுகிற தோல் பை புனிதமாம். ஆட்டைத் தோலுரித்துப் பதப்படுத்துகிறவன் மட்டும் தீட்டாம். பொருள் மண்டபத்துக்குள் போகும், செய்தவன் வெளியே நிற்பான். இதுதான் கூரை போட்ட கடைவீதியின் பொருளாதாரம். இதைச் சொல்லாமல் சிற்பத்தின் நகத்தை மட்டும் வர்ணிப்பது கலை ரசனை அல்ல, கண்ணை மூடிக்கொள்வது.

இன்னொரு வாதம்: "அதெல்லாம் பழைய காலம், இப்போது யார் தடுக்கிறார்கள்?" மதுரை மாவட்டத்திலேயே உத்தப்புரம் இருக்கிறது. அங்கே தலித் மக்கள் நடக்கும் பாதையை அடைத்து நின்ற சுவரின் ஒரு பகுதியை இடிக்க 2008 மே வரை ஆனது. மேலவளவு இருக்கிறது. ஊராட்சித் தலைவராக நாற்காலியில் உட்கார்ந்த குற்றத்துக்காக முருகேசனையும் தோழர்களையும் 1997 ஜூனில் வெட்டிச் சாய்த்தார்கள். புதுமண்டபத்திலிருந்து இந்த ஊர்களுக்கு பஸ்ஸில் போய்விடலாம். மரபு நடையின் வரைபடம் அந்தப் பக்கம் திரும்பாது.

ஃபுலேயின் கேள்வி

கடைவீதியைப் பற்றிய எங்கள் சண்டை புதியதும் அல்ல. மும்பையில் 1869இல் திறந்த கிராஃபோர்டு மார்க்கெட் இன்று மகாத்மா ஜோதிபா ஃபுலே மண்டி. புனேயில் 1886இல் ரே பிரபு பெயரில் திறந்த பெரிய மார்க்கெட்டும் இன்று மகாத்மா ஃபுலே மண்டி. சுற்றுலாக்காரர்கள் இரண்டின் கோபுரத்தையும் படம் எடுத்துப் போகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், புனேயில் அந்த மார்க்கெட்டைப் பெரும் செலவில் கட்டக் கூடாது என்று எதிர்த்தவர் ஃபுலே. அந்தப் பணத்தை ஏழை மக்களின் கல்விக்குச் செலவிடு என்றார். எதிர்த்தவரின் பெயரை எடுத்து அதே கட்டடத்தின் நெற்றியில் ஒட்டிவிட்டார்கள். பெயர் வைத்தார்கள், கேள்வியை மறைத்துவிட்டார்கள்.

ஃபுலேயின் கேள்வி எங்களுக்கு இன்றும் வேண்டும். ஒரு மார்க்கெட்டுக்குக் கூரை போடும்போது யாருடைய பணம், யாருக்குக் கடை, யார் வெளியே மழையில்?

சென்னையில் மூர் மார்க்கெட் இருந்தது. 1900இல் திறந்த சிவப்புக் கட்டடம். பழைய புத்தகம், பழைய துணி, பழைய பாட்டு ரெக்கார்டு என்று ஏழைகளின் கடைவீதி அது. 1985 மே 30 அன்று எரிந்து போனது. அந்த இடத்தில் ரயில்வே கட்டடம் வந்தது. எரிந்த கட்டடத்துக்காக எத்தனையோ கட்டுரைகள் கண்ணீர் விட்டன. கண்ணீர் கம்பீரமான வளைவுகளுக்காகவே வடிந்தது. அங்கே பழைய சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு முதல் நாள் கல்லூரிக்குப் போன எங்கள் முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்காக அல்ல.

திரும்பி மலைக்கு

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறோம். ஊட்டி நகராட்சி மார்க்கெட்டில் பழைய கடைகளை இடித்துப் புதுக் கட்டடம் எழுகிறது. நல்ல கட்டடம் வரட்டும். கேரட்டும் உருளைக்கிழங்கும் மழையில் நனையாமல் இருக்கட்டும். ஆனால் அந்த மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள் யார், கூட்டிப் பெருக்குகிறவர்கள் யார், சாக்கடை அடைத்தால் கூப்பிடுகிறவர்கள் யாரை, கடை உரிமம் யார் பெயரில்? இந்த நான்கு கேள்விக்கும் பதிலை வரிசையாக எழுதிப் பாருங்கள். முதல் மூன்றில் நாங்கள் இருப்போம். நான்காவதில் எங்களைத் தேட வேண்டியிருக்கும். கூரைக்குக் கீழே நிற்பது வேறு, கூரைக்குக் கீழே உரிமையோடு உட்காருவது வேறு.

பந்தலூர் பஜாரைப் பாருங்கள். 1880 வாக்கில் வயநாடு தங்க வேட்டையில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் இங்கேயும் தேவாலாவிலும் வந்து குவிந்தன. தங்கம் கிடைக்கவில்லை, கம்பெனிகள் மூழ்கின. அதைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். சுரங்கத்துக்குள் இறங்கியவர்களைப் பற்றியோ, இந்தக் காட்டுக்கே உரியவர்களாக இருந்தும் கூலிகளாக்கப்பட்ட பணியர், காட்டுநாயக்கர் பற்றியோ ஒரு வரி வராது. சந்தை நாளில் பஜாருக்கு வாருங்கள். ஒரு பணியர் அம்மா காட்டிலிருந்து கொண்டுவந்த கீரையைக் கடை ஓரத்தில் தார்ப்பாயை விரித்து விற்பார். மழை வந்தால் கடையின் முன் தகரத்துக்குக் கீழே ஒதுங்குவார். கடைக்காரர் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி மழைக்கே போவார். இந்தப் பகுதியின் மழை உங்களுக்குத் தெரியும். ஜூலையில் வானம் பொத்துக்கொண்டு கொட்டும். அந்தத் தகரத்துக்கு அடியில் கிடைக்கிற, கிடைக்காமல் போகிற இரண்டடி இடம்தான் எங்கள் ஊரின் கூரை போட்ட கடைவீதி.

எங்கள் லைன் வீடுகளுக்கும் ஒரு நடை வையுங்கள். ஒழுகுகிற கூரைக்குக் கீழே வரிசையாகக் குண்டான் வைத்திருப்போம். மழை விழும் சத்தத்தை வைத்தே எந்தக் குண்டான் நிறைந்துவிட்டது என்று சொல்லும் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகள். ஓய்வு பெற்றால் அந்த வீடும் நமதில்லை. 2022இல் டேன்டீ நிலத்தின் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பிக் கொடுப்பது என்று முடிவு வந்தபோது எங்கள் பெரியவர்கள் கேட்டது ஒன்றுதான்: "இன்னொரு மண்டபம் கேம்ப்பா?" மூன்று தலைமுறைக்குள் மூன்று முறை இடம்பெயர்க்கப்பட்ட மக்களுக்கு மரபு என்பது என்ன? கல் இல்லை, தூண் இல்லை, காலி செய்யச் சொல்லும் காகிதம்தான் மரபா?

நாங்கள் கேட்பது

மரபு நடையை நிறுத்துங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. நடப்பது எங்கள் தாத்தாக்கள் போராடி வாங்கிய உரிமை. அதை யாருக்கும் மறுக்க மாட்டோம். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

ஒன்று. புதுமண்டபத்துக்கும் கோயிலுக்கும் நடுவே, 1939 ஜூலை 8 அன்று நடந்த அத்தனை பேரின் பெயரோடும் ஒரு கல் வேண்டும். அழைத்துப் போனவர் பெயர் மட்டும் போதாது.

இரண்டு. ஊட்டியில் 1891 மாநாட்டுக்கும், அயோத்திதாசருக்கும், இரட்டைமலை சீனிவாசனுக்கும் மார்க்கெட் வாசலிலேயே பலகை வேண்டும். அதில் 1924 ஆணையின் வாசகமும் 15ஆவது பிரிவும் தமிழில் இருக்க வேண்டும். மார்க்கெட்டுக்குள் நுழைகிற ஒவ்வொரு பிள்ளையும் அதைப் படித்துவிட்டு நுழையட்டும்.

மூன்று. நீலகிரியின் நகராட்சி, பேரூராட்சிக் கடைகள் யார் யாருக்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றன, அதில் பட்டியல் சாதி, பழங்குடியினர் எத்தனை பேர், உள்வாடகைக்கு விடப்பட்டவை எத்தனை என்று வெளிப்படையாகப் பட்டியல் ஒட்டுங்கள். புதுக் கட்டடத்தில் ஒதுக்கீடு அந்தப் பட்டியலைப் பார்த்துச் செய்யப்படட்டும். பழைய உரிமத்தையே புதுச் சுவரில் மாட்டிவிட வேண்டாம்.

நான்கு. 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் 40 சதவீத இடம் வியாபாரிகளுக்கு என்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு உரிய இடம் என்கிறது. பஜார் ஓரத்தில் கீரை விற்கிற அந்த அம்மா அந்தக் குழுவில் உட்காரட்டும். மழைக்கு ஒதுங்க எங்கே கூரை வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும்.

ஐந்து. லைன் வீடுகளின் கூரையை அடுத்த தென்மேற்குப் பருவமழைக்கு முன் மாற்றுங்கள். 300 ஆண்டுப் பழைய கல்லுக்குப் பாதுகாப்புத் திட்டம் போட முடிகிற நாட்டில், உயிரோடு இருப்பவர்களின் தலைக்கு மேலே ஒரு தகரம் போட முடியாதா?

மதுரையிலிருந்து கிளம்பும் முன், எங்களோடு வந்த மூத்த அம்மா புதுமண்டபத்துத் தூணைத் தொட்டுப் பார்த்தார். பதுளைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். மண்டபம் முகாமில் இறங்கியவர், 30 ஆண்டுகளுக்கு மேல் பந்தலூரில் கொழுந்து பறித்தவர். "இவ்வளவு கல்லை எவன் சுமந்தானோ" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எந்த நடைக் குறிப்பிலும் நாங்கள் அந்த வாக்கியத்தைப் படித்ததில்லை.

அடுத்த சந்தை நாளில் பந்தலூர் பஜாரில் எங்கள் நடை. மண்டபம் முகாம் வழி வந்தவர்களின் லைன் வீட்டில் தொடங்கி, கீரை விற்கும் அம்மாவின் தார்ப்பாய் வரை. கட்டணம் இல்லை. வழிகாட்டி உண்டு, அங்கே வாழ்கிறவர்கள்தான் வழிகாட்டி. குடை கொண்டு வாருங்கள். கூரை இல்லை.

ஜெய்பீம்.